வியர்வை படாத ஜேர்சி

கடிதத்தின் சுருக்கம்

திருகோணமலை நகரை அண்டிய கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 11 வயது, தரம் 7. டிசம்பரில் பிறந்தவன், உருவத்தில் சிறியவன். ஊர் விளையாட்டுக் கழகத்தின் 12 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறான். அணியின் பயிற்றுநர் இந்தத் தாயின் சொந்தத் தம்பி. கணவர் அதே கழகத்தின் பொருளாளர். இந்த ஆண்டு ஜேர்சிகளுக்கு அரைவாசிப் பணம் கொடுத்தவரும் அவர்தான்.

தம்பி வாரத்தில் ஆறு நாட்கள் பயிற்சி வைக்கிறார். போட்டி என்று வந்தால் பலமான பதினொருவரை இறக்குவார். வெற்றி உறுதியாகும் வரை ஆளை மாற்றமாட்டார். கடைசியாக நடந்த சுற்றுப்போட்டியில் நான்கு ஆட்டங்களிலும் மகன் வாங்கிலேயே இருந்தான். இறுதியாட்டத்தின் பிற்பாதியில் கணவர் கோட்டோரத்தில் நின்று, ஊரே பார்க்கத் தம்பியை ஏசிவிட்டார். அன்றிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை. ஏழெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புதிய கழகம் தொடங்கப்போவதாகக் கணவர் சொல்கிறார். தம்பியோ, "தோற்கும் அணிக்கு யார் உதவுவார்கள் அக்கா? இரக்கம் பார்த்தால் அணி நடத்த முடியாது" என்கிறார்.

கடிதத்தில் வேறு இரண்டு செய்திகளும் உண்டு. மகன் இரண்டு மாதங்களாகக் காலையில் எழும்பும்போது குதிகாலை ஊன்ற முடியாமல் நொண்டுகிறான். அதே அணியில் பெனல்டியைத் தவறவிட்ட ஒரு பிள்ளையைத் தம்பி வெயிலில் மணலில் முழங்காலில் நிற்கவைத்தார்.

தாய் கேட்பவை மூன்று. தம்பி அணி நடத்தும் முறை சரியா? பிள்ளையை இறக்காமல் வைத்திருக்கக் கழகத்துக்கு உரிமை உண்டா, யாரிடமாவது முறையிடலாமா? எல்லாப் பிரச்சினையும் தீர மகனை விளையாட்டிலிருந்து நிறுத்திவிடவா?

கடிதத்தின் கடைசி வரியில், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகன் கேட்ட கேள்வி இருக்கிறது: "அம்மா, நான் விளையாடாமல் விட்டால் அப்பாவும் மாமாவும் கதைப்பார்களா?"

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு பந்தியில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். இறுதியாட்டம் முடிந்து வந்த இரவு மகனின் ஜேர்சியைத் தோய்க்க எடுத்தீர்கள். அதில் வியர்வை மணமே இல்லை. தோளில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆனாலும் அதைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறீர்கள். விடிந்ததும் அயல் வீட்டுக் கொடிகளில் மற்றப் பிள்ளைகளின் ஜேர்சிகள் தொங்கும்போது தன்னுடையது மட்டும் இல்லாததை அவன் பார்க்கக்கூடாது என்பதற்காக. இப்படி நினைக்கத் தெரிந்த தாய் அந்தப் பிள்ளைக்கு இருப்பது பெரிய பலம். நீங்கள் "எனக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சண்டையின் நடுப்பொருளை வீட்டில் கண்டுபிடித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 12 வயதுக்குட்பட்ட அணியில், பயிற்சிக்கு ஒழுங்காக வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு போட்டியிலும் குறைந்தது அரைவாசி நேரமாவது ஆடவேண்டும். அந்த வயதில் ஆட்டம் பிள்ளைக்கு உரியது. கிண்ணம், கழகத்தின் பெயர், பெற்றோரின் மரியாதை எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மிகுதியை வாசியுங்கள்.

காத்திருக்க முடியாத இரண்டு

யார் சொல்வது சரி என்ற விவாதத்துக்குள் போவதற்கு முன்னர் இரண்டு காரியங்களை இந்த வாரமே செய்யுங்கள்.

முதலாவது, குதிகால். நான் உளவளத்துணையாளர், வைத்தியர் அல்ல. ஆனாலும் வளரும் வயதில் ஓடியாடும் பிள்ளைகளுக்குக் குதிகாலிலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயும் நோவு வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். குதியெலும்பின் பின்பக்கத்தில் இன்னும் முற்றாத பகுதி ஒன்று இருக்கும். எலும்பு வேகமாக நீளும் காலத்தில் தசைநாண் அதைப் பிடித்து இழுக்கும். ஓட்டமும் குதிப்பும் கூடும்போது அந்த இடம் நோகும். எட்டு வயதுக்கும் பதினான்குக்கும் இடையில் இது அடிக்கடி வரும். வைத்தியர்கள் இதைச் செவர் நோய் என்பார்கள். பெரும்பாலும் ஓய்வு கொடுத்தால் மாறிவிடும். உங்கள் மகனுக்கு இருப்பது இதுதானா என்று நான் சொல்லக்கூடாது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். "இரண்டு மாதமாக, காலையில் கூடுதலாக, வாரத்தில் ஆறு நாள் பயிற்சி" என்ற மூன்றையும் வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். "வளர்கிற பிள்ளைக்கு நோகும்தான்" என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வளர்வதால் எலும்பு இளகியிருக்கிறது என்றால் ஓட்டத்தைக் குறைப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது, முழங்காலில் நிற்கவைத்தது. சகோதரி, இதை நீங்கள் கருத்து வேறுபாடுகளின் வரிசையில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து இதைத் தனியே எடுத்து வையுங்கள். எத்தனை பேரை இறக்குவது, எத்தனை நாள் பயிற்சி வைப்பது என்பவற்றில் நல்ல மனிதர்கள் இரண்டு விதமாக நினைக்கலாம். ஒரு பிள்ளையை வெயிலில் மணலில் முழங்காலில் நிறுத்துவதில் இரண்டு விதம் இல்லை. 18 வயதுக்குட்பட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அவருக்கு வேண்டுமென்றே துன்பம் விளைவிப்பதை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. 1995இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. பாடசாலைக்குள்தான் இது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். கழகப் பயிற்றுநரின் பொறுப்பில் பிள்ளை நிற்கும் அந்த இரண்டு மணித்தியாலங்களுக்கும் இது பொருந்தும்.

தம்பியைப் பொலிஸில் மாட்டிவிடச் சொல்லவில்லை. நீங்களே அவரிடம் நேரில் போய், வேறு எந்தப் பேச்சையும் கலக்காமல், இதை மட்டும் சொல்லுங்கள்: "இது இனி நடக்கக்கூடாது. நடந்தால் நான் பேசாமல் இருக்கமாட்டேன்." அந்தப் பிள்ளையின் தாய்க்கும் நடந்தது தெரிந்திருக்கவேண்டும். திரும்ப நடந்தால் கழக நிர்வாக சபைக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம். அக்கா என்ற உறவு இந்த இடத்தில் வாயை அடைக்கக்கூடாது. அக்கா சொன்னால் கேட்பார் என்பதால் நீங்கள் சொல்வதுதான் அவருக்கும் நல்லது.

தம்பியின் பக்கம்

இனி அவருடைய நியாயத்தைப் பார்ப்போம். அது வெறும் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சதம் சம்பளம் இல்லாமல், கடலுக்குப் போய்வந்த களைப்போடு, வாரத்தில் ஆறு நாள் மாலையில் இருபது பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கும் ஒரு மனிதரை எந்த ஊரும் கையெடுத்துக் கும்பிடவேண்டும். போர்க் காலத்தில், பொழுதுபட்டால் வீதியில் நிற்கப் பயந்து வளர்ந்த தலைமுறை அவருடையது. தனக்குக் கிடைக்காதது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்ற வேகம் அவரிடம் இருக்கிறது. ஏகாம்பரம் மைதானத்தில் ஊர்ப் பெயரை அறிவித்து, தன் பிள்ளைகள் வரிசையாக இறங்குவதைப் பார்க்கும் ஆசையைக் குற்றம் என்று யார் சொல்வது? தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை நாலு பேர் மறந்துவிடுவார்கள் என்ற பயத்திலும் உண்மை இருக்கிறது. போட்டியே இல்லாமல் பிள்ளைகளைப் பஞ்சில் பொத்தி வளர்க்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு வெல்ல ஆசை உண்டு. அதை நாம் மறைக்கத் தேவையில்லை.

அவர் பிழைவிடும் இடம், பெரியவர்களின் ஆட்டத்தை அப்படியே பிள்ளைகளின் தலையில் வைப்பது. ஒரு காட்சியைச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் நகரத்தில் ஒரு சிறுவர் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு மைதானம், முழு அளவுக் கோல்கம்பம். அதன் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். நடுவில் நின்ற காப்பாளன் என் நெஞ்சளவுகூட இல்லை. பந்து அவன் தலைக்கு மேலே, அவன் கை எட்டாத உயரத்தில் நிதானமாகப் போய் வலைக்குள் விழுந்தது. கோட்டோரத்திலிருந்து ஒருவர் "பாய்ந்து பிடியடா" என்று கத்தினார். அவன் இரண்டு கைகளையும் விரித்து, அண்ணாந்து மேல்கம்பத்தைப் பார்த்தான். அந்தக் கோலை வாங்கியவன் அவன் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கம்பத்தை அவன் தலைக்கு மேல் நட்டவர்கள் நாங்கள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. உதைபந்தாட்டத்தின் தாயகமாகிய இங்கிலாந்திலேயே 2012இல் இதை விவாதித்து மாற்றினார்கள். 7, 8 வயதுக்குட்பட்டோர் ஐவர் அணியாகவும், 9, 10 வயதுக்குட்பட்டோர் எழுவர் அணியாகவும், 11, 12 வயதுக்குட்பட்டோர் ஒன்பதுபேர் அணியாகவும் ஆடவேண்டும் என்று அப்போது வகுத்தார்கள். ஒன்பதுபேர் ஆட்டத்தின் கோல்கம்பம் 4.88 மீற்றர் அகலம், 2.13 மீற்றர் உயரம். பந்தும் பெரியவர்களின் ஐந்தாம் இலக்கம் அல்ல, அதைவிடச் சிறிய நான்காம் இலக்கம். ஆள் குறைய, மைதானம் சுருங்க, ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து வரும் தடவைகள் கூடும் என்பதுதான் காரணம். நோர்வேயில் 1987 முதல் சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகள் இருக்கின்றன. 11 வயதாகும் வரை புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ வைப்பதில்லை. "அப்படி வளர்த்தால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள்" என்று தம்பி சொல்லக்கூடும். இன்று உலகறிந்த கோலடிப்பவரான எர்லிங் ஹாலண்ட் சிறுவனாக ஆடியது அந்த நாட்டின் பிறைன் என்ற சிறிய ஊரின் கழகத்தில்தான் என்று அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அந்த விதிகள் ஒரு கோலடிப்பவனைக் கெடுத்துவிடவில்லை என்பதற்கு அது போதும்.

உங்கள் மகனைப் பற்றி ஒரு விடயம். "அவனுக்குத் திறமை காணாது போலிருக்கிறது" என்று கொஞ்சம் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வயதுப் பிரிவு ஜனவரி முதலாம் திகதியைக் கொண்டு கணக்கிடப்படும்போது, டிசம்பரில் பிறந்த உங்கள் மகனும் அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவனும் ஒரே அணி. ஆனால் அவன் பதினொரு மாதம் மூத்தவன். எங்கள் வயதில் பதினொரு மாதம் ஒன்றுமில்லை. 11 வயதுப் பிள்ளைக்கு அது இரண்டு மூன்று விரற்கடை உயரம், கூடுதல் பலம், ஓட்டத்தில் நாலு எட்டு. 1985இல் கனடாவின் உளவியலாளர் ரொஜர் பார்ன்ஸ்லி தம் நாட்டுப் பனி ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தார். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே பெருமளவில் இருந்தார்கள். பிறகு உதைபந்தாட்டத்திலும் நாட்டுக்கு நாடு அதையே கண்டார்கள். மூத்த பிள்ளையைத் திறமைசாலி என்று எடுத்து, அவனுக்கே கூடுதல் ஆட்டமும் பயிற்சியும் கொடுத்தால், அவன் உண்மையிலேயே திறமைசாலியாகிவிடுவான். சின்னவன் வாங்கில் இருந்து பழகிவிடுவான். தம்பியிடம் அணியின் பிறந்த திகதிப் பட்டியல் இருக்கும். வாங்கில் இருக்கும் பிள்ளைகள் எந்த மாதத்தில் பிறந்தவர்கள் என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வாதாடுவதைவிட அது பயன் தரும்.

ஆறு நாள் பயிற்சியைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கூடப் பயிற்சி எடுத்தால் கூடத் திறமை என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. பிள்ளைகள் வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களும், ஆண்டில் மொத்தமாக மூன்று மாதங்களும் ஒரு விளையாட்டிலிருந்து ஓய்வு எடுக்கவேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைநல வைத்தியர் சங்கத்தின் அறிவுரை. எங்கள் மாவட்டத்தில் மாரி மழை வந்து மைதானங்களை மூடும் மாதங்களை இயற்கையே தந்த ஓய்வாக எடுத்துக்கொள்ளலாம். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் மூன்று மணிக்குப் பயிற்சி தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நாலரைக்குத் தள்ளவேண்டும். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எல்லோரும் தண்ணீர் குடிக்கவேண்டும். தாகத்தைப் பொறுப்பது வீரம் என்ற எண்ணம் பிள்ளைகளை மயக்கம் போடவைக்கும்.

உங்கள் கணவரின் பக்கம்

அவர் மகனுக்காகக் கொதித்தார். அந்தக் கொதிப்பின் வேர் அன்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. நீங்கள் அவற்றை மெதுவாக அவரிடம் சொல்லவேண்டும்.

ஜேர்சிக்குப் பணம் கொடுத்ததால் மகனை இறக்கக் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவர் நினைக்கிறார். அப்படியென்றால் பணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையின் இடம் எங்கே? அந்த நியாயத்தை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அடுத்த ஆண்டு அவரைவிடக் கூடக் கொடுப்பவரின் மகன் இறங்குவான். உங்கள் மகன் ஆடவேண்டியது அவன் பயிற்சிக்கு வருகிறான் என்பதற்காக. வாங்கில் அவனோடு இருந்த மற்ற நாலு பிள்ளைகளுக்காகவும் அதே குரலில் பேசும்போதுதான் அவருடைய வாதத்துக்குப் பலம் வரும். அன்றைக்கு அவர் "என் மகனை இறக்கு" என்று கத்தினாராம். "எல்லாப் பிள்ளைகளையும் இறக்கு" என்றிருந்தால் தம்பிக்குப் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும்.

இரண்டாவது, கோட்டோரத்தில் கத்துவது மகனுக்குத் துணை என்று அவர் நம்புவது. என்னிடம் வரும் பிள்ளைகள் இதைப் பற்றிச் சொல்வது வேறு. தோற்றதை அவர்கள் இரண்டு நாளில் மறந்துவிடுகிறார்கள். அப்பா கத்தியதை மறப்பதில்லை. 2014இல் அமெரிக்காவில் உதைபந்தாடும் பிள்ளைகளிடம், ஆட்டத்தில் எவையெல்லாம் மகிழ்ச்சி தருகின்றன என்று ஓர் ஆய்வில் கேட்டார்கள். 81 விடயங்கள் வந்தன. முயன்று ஆடுவது, சக ஆட்டக்காரரோடு நல்லபடி பழகுவது, பயிற்றுநர் மதித்துப் பேசுவது ஆகியவை முன்னணியில் இருந்தன. வெற்றி வெகு கீழே இருந்தது. இதைத் தம்பியும் கேட்கட்டும், கணவரும் கேட்கட்டும். மைதானத்துக்கு வெளியே நிற்கும் இரண்டு பெரியவர்கள்தான் வெற்றியையும் அவமானத்தையும் இவ்வளவு பெரிதாக்கிவிட்டார்கள்.

எது உரிமை, எது இல்லை

"என் பிள்ளையை இறக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. யாரை அணியில் சேர்ப்பது, யாரை எத்தனை நிமிடம் ஆடவிடுவது என்பது கழகத்தின் தீர்மானம். அதை எதிர்த்துப் பொலிஸுக்கோ நீதிமன்றத்துக்கோ போவதில் பயன் இல்லை. உறவு இன்னும் முறியும், அவ்வளவுதான்.

ஆனால் கழகம் என்பது பயிற்றுநரின் சொந்தச் சொத்தும் அல்ல. அதற்கு யாப்பு இருக்கவேண்டும், நிர்வாக சபை இருக்கிறது, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கவேண்டும். அங்கத்தவர்கள் அங்கே பிரேரணை கொண்டுவரலாம், வாக்களிக்கலாம். உங்கள் கணவர் பொருளாளர். கோட்டோரத்தில் கத்தியதை அவர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருக்கலாம். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் போய் இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசும்படியும் கேட்கலாம்.

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயத்தில் தன் கருத்தைச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் தம்பி பேசுகிறார், கணவர் பேசுகிறார், மாமியார்கூட இரண்டு வரி பேசுகிறார். மகன் பேசுவது அந்தக் கடைசி வரியில் மட்டும்தான்.

கழகத்திடம் கேட்கக்கூடியவை

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு, முடிந்தால் நாலைந்து தாய்மாரும் சேர்ந்து, கீழே இருப்பதை ஓர் எழுத்துப் பிரேரணையாகக் கொடுங்கள். தாய்மார் எழுதினால் அதை யாரும் இரண்டு ஆண்களின் சண்டையாகப் பார்க்கமாட்டார்கள்.

முதல் வேண்டுகோள், 12 வயதுக்குட்பட்ட அணியில் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அரைவாசி நேரம். இதை எழுதி வைத்தால் தம்பியின் சுமையும் குறையும். ஏன் அவனை இறக்கினாய், இவனை ஏன் எடுத்தாய் என்று யாரும் அவரை நெருக்க முடியாது. 15, 17 வயது அணிகளுக்கு வேறு விதி இருக்கட்டும். அங்கே தெரிவும் போட்டியும் கூடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை.

இரண்டாவது, சுற்றுப்போட்டியின் வடிவம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் விலகல் முறைதான். 16 அணிகள் வந்தால், முதல் சுற்றோடு எட்டு அணிகள் வீட்டுக்குப் போய்விடும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் விடியப் புறப்பட்டு வரும் பிள்ளைகள் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஏறுவார்கள். அந்த ஓர் ஆட்டத்தில் தோற்கக்கூடாது என்ற பயத்தில் எந்தப் பயிற்றுநரும் சின்னவனை இறக்கமாட்டார். தம்பியின் கையைக் கட்டிப்போடுவது அந்த முறைதான். அதே 16 அணிகளை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடினால், மொத்தம் 24 ஆட்டங்கள். ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டங்கள் உறுதி. ஒரு முழு மைதானத்தைக் குறுக்கே பிரித்தால் எழுவர் ஆடும் சிறிய மைதானங்கள் இரண்டு மூன்று கிடைக்கும். கயிறும் சுண்ணாம்பும் போதும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரு பகல் முழுவதும் ஒரே மைதானத்தில் மாறி மாறி ஆடி, ஒரே நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் நாளாக அது இருக்கும். எங்கள் மாவட்டத்துக்கு அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை வந்தாலும் காணாது.

மூன்றாவது, பெற்றோர் மைதானக் கோட்டிலிருந்து சில அடி தள்ளி நிற்கவேண்டும். கை தட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். பயிற்றுநரையோ மத்தியஸ்தரையோ ஏசக்கூடாது. இந்த வேண்டுகோளை உங்கள் கணவரே கூட்டத்தில் முன்மொழிந்தால் தம்பியின் மனத்தில் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

புதிய கழகம் என்ற எண்ணத்துக்கு நான் உடன்படவில்லை. அது தவறு என்பதால் அல்ல, இப்போது அது கோபத்தில் பிறக்கிறது என்பதால். ஒரு கிராமத்தில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டாகப் பிரிந்தால் இரண்டு அணியும் ஆள் தேடி அலையும். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள், அப்பாமாருக்காக எதிரெதிரே நிற்பார்கள். பிரேரணை தோற்று, ஓர் ஆண்டு கழிந்தும் எதுவும் மாறாவிட்டால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் முதலில் பெற்றோரைக் கூட்டி, எப்படிப்பட்ட அணி வேண்டும் என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் சில மாதங்களில் வெல்லவேண்டும் என்ற அவசரம் வந்து, இன்னொரு வீட்டுப் பிள்ளை வாங்கில் இருப்பான்.

நிறுத்திவிடவா?

மகனை நிறுத்தவேண்டாம். குதிகாலுக்காக வைத்தியர் சொல்லும் ஓய்வைக் கொடுங்கள். அந்த ஓய்வு வேறு, நிறுத்துவது வேறு. அதை அவனுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். அப்பாவும் மாமாவும் சமாதானமாக இருக்கவேண்டுமென்று அவன் தன் விளையாட்டை விலையாகக் கொடுக்க முன்வருகிறான். நாம் அதை வாங்கிக்கொண்டால், வீட்டில் பெரியவர்கள் மோதும்போதெல்லாம் தன்னிடம் இருப்பதில் ஒன்றை விட்டுக்கொடுக்கவேண்டும் என்று அவன் பழகிவிடுவான். அந்தப் பழக்கத்தோடு முப்பது வயதில் என் முன்னால் வந்து உட்காருபவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கணவருக்கும் தம்பிக்கும் நடுவில் ஒருவரைத் தெரிவுசெய்யவேண்டும் என்று நினைத்துக் கலங்குகிறீர்கள். உங்களிடம் அதை யாரும் கேட்கவில்லை; அச்சம்தான் கேட்கிறது. தம்பியிடம் முழங்கால் விடயத்தைச் சொல்லுங்கள். கணவரிடம் கோட்டோரத்து விடயத்தைச் சொல்லுங்கள். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க அவசரப்படவேண்டாம். நல்ல நாள் பெருநாளில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடும் ஒரு நாள் தானாக வரும்.

மகனிடம் தனியாகக் கேளுங்கள், சாப்பாட்டு நேரத்தில் அல்ல, இருவரும் எங்காவது நடந்துபோகும்போது. "நீ ஆட விரும்புகிறாயா? எந்த இடத்தில் ஆட விருப்பம்? மாமாவிடம் என்ன சொல்லவேண்டும்?" அவன் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னால், அதை அவனே மாமாவிடம் சொல்ல நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இருவருக்கும் நடுவில் நின்று நீங்கள் பேசவேண்டாம். பிள்ளை நேரே கேட்டால் கரையாத மாமாவை நான் இன்னும் காணவில்லை.

அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. சொல்லாமல் எழும்பிப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் அவன் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான். இன்று இரவே சொல்லிவிடுங்கள்: "அப்பாவும் மாமாவும் கதைக்காமல் இருப்பது உன்னால் அல்ல. அதைச் சரிசெய்வது அவர்களுடைய வேலை. உன் வேலை விளையாடுவது."